அப்பா நின்ற போட்டோ

போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் சில்வர் பீச்சில் என் மகள் போனில் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மணலில் உட்கார்ந்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்தாள்.

"ஏண்டி, நல்லாத்தான இருக்கு?"

"மூஞ்சி உப்புன மாதிரி இருக்கும்மா."

ஒரு முகத்தை இவ்வளவு சுலபமாகத் தூக்கிப் போட முடிகிறதே!

நான் மட்டும் என்ன யோக்கியம்? மாங்காய் சுண்டலைக்கூடப் படம் எடுத்துவிட்டுத்தான் வாயில் போடுகிறேன். ஆனால் மனசு பிலிம் காலத்தது. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம்தான். அதனால் கேமரா முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். கலர் ரோலைக் கழுவ மெட்ராசுக்கு அனுப்புவார்கள். படம் எப்படி வந்திருக்கிறதோ என்று வாரக்கணக்கில் காத்திருப்பதில் ஒரு சுகம் உண்டு. பிரிண்ட் உறையைப் பிரித்தால் புளித்த மருந்து வாசனை வரும். அதை நினைத்தாலே எனக்கு என் கல்யாண ஞாபகம் வந்துவிடுகிறது.

கல்யாணம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சத்திரத்தில் நடந்தது. அப்பா நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போட்டவர். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று கேமராவைக் கண்டாலே தூணுக்குப் பின்னால் ஒதுங்குவார். அன்றைக்கு நான் விடவில்லை. பந்தி முடியும் நேரத்தில் அவர் துண்டைப் பிடித்து இழுத்தேன். "எனக்காக ஒண்ணே ஒண்ணுப்பா." தண்ணீர் தொட்டுத் தலையை வாரிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

"மாமா, கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோக்காரர். பளிச்சென்று ஃப்ளாஷ் அடித்தது.

அதன் பிறகு சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பார்: "போட்டோ வந்துச்சாம்மா? கண்ணு தொறந்து இருக்கனா?"

ஆல்பம் வருவதற்குள் அப்பா போய்விட்டார். மாரடைப்பு. அம்மா என்னைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். "வேணாம் வேணாம்னு ஓடுனாரே, இழுத்து நிக்க வெச்சியேடி!"

கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டும்; அப்பாவுக்கு வேறு படமே கிடையாது. ஸ்டூடியோவுக்கு ஓடினேன். ஆல்பம் தயாராக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சீர்வரிசை அண்டா இருந்தது, மாப்பிள்ளையின் சித்தப்பா தூங்குவது இருந்தது, அப்பா இல்லை. நெகட்டிவைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினேன். கறுத்த பல்லும் வெளுத்த முடியுமாக ஊரே இருந்தது.

போட்டோக்காரர் மெதுவாகச் சொன்னார்: "ரோல் தீந்துருச்சி தங்கச்சி. பெரியவரு ஆசையா வந்து நின்னாரு, இல்லன்னு சொல்ல மனசு வரல. வெறும் ஃப்ளாஷ்தான் அடிச்சேன். எல்லாக் கல்யாணத்துலயும் அப்புடித்தான் செய்வோம்."

அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பிறகுதான் உறைத்தது, எடுக்காத படம் எப்படி ஆயுசைக் குறைக்கும்? ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். ஒரு படம்கூட இல்லையா என்று அவள் இன்னும் உரக்க அழுதாள்.

அன்றைக்கு ஒரு போன் இருந்திருந்தால்! மங்கலாக, கண்ணை மூடிக்கொண்டு, எப்படி விழுந்திருந்தாலும் போதுமே. ஆனாலும் பிலிமை முழுசாகத் திட்ட வரவில்லை. ஆல்பம் வரும்வரை அந்தப் படம் இருந்தது. அப்பா சாகும்வரை அதில் நின்றுகொண்டிருந்தார்.

நேற்று சிதம்பரம் மேல வீதியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். இறந்தவர்களின் பழைய படத்தைப் புதுசாக்கித் தருகிறார்கள். படமே இல்லை என்றேன்.

"பரவால்லக்கா. ஆளு எப்புடி இருப்பாருன்னு சொல்லுங்க, கம்ப்யூட்டரே வரஞ்சி போட்டுரும்" என்றார் கடைக்காரர். "மூக்கு எப்புடி? கூர்மூக்கா, சப்பையா?"

என் மூக்கைத் தடவிப் பார்த்தேன். அப்பாவுடையது நினைவுக்கு வரவில்லை.

"சரி, கண்ணு?"

அதுவும் தெரியவில்லை. ரோல் விற்ற கடைகள் இல்லை. அந்த ஸ்டூடியோ இல்லை. கேட்டுச் சொல்ல அம்மாவும் இல்லை. கடைக்காரர் விசைப்பலகையில் கைவைத்தபடி காத்திருக்க, அப்பாவின் முகம் என்னிடமும் இல்லாமல் போனது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.