மச்சானை முந்த ஆளில்லை

அமெரிக்காவில் ஒரு கால்பந்து ஆட்டம் உண்டு. அதில் பந்தைப் பெரும்பாலும் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள். பிறகு ஏன் அதற்கு அந்தப் பெயர் என்று என்னிடம் கேட்கக் கூடாது. நான் அந்த ஆட்டத்தை நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அதை ஆடப்போகிற பையன்களில் எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று எழுதித்தான் சோறு தின்கிறேன்.

அருப்புக்கோட்டையில் கீழே அப்பாவின் மிளகாய் வத்தல் கமிஷன் கடை, மேலே என் அறை. கீழே சாக்கை உதறினால் மேலே நான் தும்முவேன். கணினி வழியாக எனக்கு வேலை கொடுக்கும் அமெரிக்கர், இந்த ஆளுக்குத் தீராத சளி என்று முடிவு கட்டி, பேச்சை முடிக்கும்போதெல்லாம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார். நல்ல மனுசன்.

அங்கே கல்லூரியில் ஆடும் பையன்களை வருசா வருசம் பெரிய அணிகள் வரிசைப்படி பொறுக்கி எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் ஒரு சோதனை வைப்பார்கள். மாட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்போமே, அந்த மாதிரி. நாற்பது கஜம் ஓட வேண்டும். நின்ற இடத்திலிருந்து மேலே எம்ப வேண்டும், முன்னால் தாண்ட வேண்டும். அந்தக் கணக்கெல்லாம் என் அட்டவணைக்கு வரும். ஒல்லிப்பையன் வேகமாக ஓடினால் அதில் அதிசயம் இல்லை. நூறு கிலோ ஆள் அதே வேகத்தில் ஓடினால்தான் அணிக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆகவே எடைக்குத் தக்கபடி மதிப்பெண்ணை ஏற்றி இறக்குவது என் வேலை. “இடுப்பு போதிய அளவு இறங்கவில்லை, திரும்புவதில் தாமதம்” என்று ஒரு பையனைப் பற்றி எழுதிவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருப்பேன்.

கடைக்கு வருகிறவர்கள் விசாரித்தால் அப்பா விளக்கம் சொல்வார்: “அமெரிக்காக்காரன் அங்க ஓடுறான். இவன் இங்க உக்காந்து மூச்சு வாங்குறான்.”

அப்படி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அக்கா வீட்டுக்காரர் படியேறி வந்தார். அக்காவைப் பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் ஊரில் கொடுத்திருக்கிறது. மச்சான் அங்கே மானாவாரி விவசாயம். அதைவிட முக்கியம், ஊர்க் கபடி அணிக்கு அவர்தான் கேப்டன், நான் மீசை முளைக்காமல் இருந்த காலத்திலிருந்து. ஒவ்வொரு படிக்கும் இடது கையால் சுவரைப் பிடித்து ஏறி வந்தார். வந்ததும் கதவைச் சாத்தினார்.

“மாப்ளே, முட்டி போச்சு. மதுர டாக்டர் படம் புடிச்சுப் பாத்துட்டாரு. இன்னொரு தடவ திருகுச்சுன்னா டிராக்டர்ல கால் வச்சு ஏற முடியாதுன்னுட்டாரு.”

“அப்ப ஆடாதீக.”

“எப்பிடிச் சொல்றது? கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஆட்டம் வருது. ‘நீங்க கோட்டுக்குள்ள நின்னாப் போதும்ணே’ங்கிறாங்ங பயலுக. போன வருசம் வலிக்குதுன்னு சொன்னேன். ஆளுக்கு ஒரு தைலம் வாங்கிட்டு வந்துட்டாங்ங. உங்க அக்கா அத இன்னும் தேச்சு முடிக்கல.”

“வயசாயிருச்சுன்னு சொல்லுங்க.”

மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை செத்துவிட்டது.

அவர் வேறு திட்டத்தோடு வந்திருந்தார். அமெரிக்காவில் செய்கிற மாதிரி அணியில் எல்லாரையும் தண்ணீர் வற்றிய ஊர்க் கண்மாய்க்குள் ஓடவிட்டு, குதிக்கவிட்டு, நான் கணக்குப் போட வேண்டும். கணக்கில் அவர் கடைசியில் நிற்பார். “நானா வெலகல, நம்பரு வெலக்கிருச்சு, நான் என்ன பண்ணட்டும்னு கவுரவமா ஒதுங்கிக்கிருவேன்.” இது எவ்வளவு சுலபமான வேலை! கடைசியாக வர வேண்டிய ஆள் கடைசியாக வந்தால் போதும். கடல் கடந்து கணக்குச் சொல்கிறவன் கண்மாய்க்குள் சொல்லமாட்டேனா? பெருமையோடு ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வறண்ட கண்மாய்க்குள் அணி முழுக்க நின்றது. எல்லாம் இருபதை ஒட்டிய இளவட்டங்கள். அந்த ஊரில் எல்லாரும் ஒரே வகையறா, பங்காளிகள். மச்சான் பாதிப் பேருக்கு அண்ணன், மீதிப் பேருக்குச் சித்தப்பா. நான் பெண் கொடுத்த வீட்டுக்காரன். ஆகவே பாதிப் பேருக்கு மச்சான், மீதிப் பேருக்கு மாமன். கேலி பண்ண எல்லாருக்கும் உரிமை உண்டு.

நான் டேப்பை வைத்து நாற்பது கஜம் அளந்தேன்.

“ஏன் மச்சான், ஓட்டப்பந்தயமா, சேல எடுக்கப் போறமா?” என்றான் பனைமரம் மாதிரி நின்ற ஒருவன்.

“அளவு முக்கியம்டா. அமெரிக்காவுல நூலிழை பிசகாது.”

“அங்கயும் இந்தத் தொப்பையோடதான் அளப்பீகளா?”

எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தினேன். செல்போனைக் குச்சியில் கட்டி, படம் பிடிக்கக் கோட்டுக்கு நேராக நட்டுவைத்தேன். விசில் அடித்தேன். மச்சான் திட்டப்படி மெதுவாக ஓடிவந்தார். கோட்டைத் தாண்டினார். அவருக்குப் பின்னால், அரை அடி விட்டு, மற்ற அத்தனை பேரும் தாண்டினார்கள்.

சரி, முதல் ஓட்டம் என்று விட்டேன். இரண்டாம் தடவை மச்சான் இன்னும் மெதுவாக ஓடினார். அவர்கள் அதைவிட மெதுவாக ஓடினார்கள். மூன்றாம் தடவை அவர் ஏறக்குறைய நடந்தார். கண்மாய்க்குள் அது பெண்ணழைப்பு ஊர்வலம் மாதிரி இருந்தது, மேளம் ஒன்றுதான் குறை. மச்சான் திரும்பிப் பார்த்து, “ஓடுங்கடா!” என்று கத்தினார். “நீங்க போங்கண்ணே, வாரோம்” என்று பின்னாலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது.

செல்போனில் ஓட்டிப் பார்த்தேன். முதலில் மச்சான், அடுத்து அவருக்கு இளையவன், அடுத்து அவனுக்கு இளையவன். வயது வரிசைப்படி பிசகில்லாமல் வந்திருந்தார்கள். மூத்தவனை ஓட்டத்தில்கூட முந்தக் கூடாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கப் போவதில்லை. காலே அதைத் தெரிந்து வைத்திருக்கிறது. கபடியில் எதிரூர்க்காரனைப் பாயாகச் சுருட்டுகிற கால்கள் அவை.

அமெரிக்காவில் ஒவ்வொருவனாக ஓடவிடுகிறார்களே, அதைச் செய்வோம் என்று தோன்றியது. அங்கேதான் அடுத்த தப்பைச் செய்தேன். யார் முதலில் என்று கேட்டதும் முதல் மரியாதை மச்சானுக்கு என்றார்கள். அவர் ஓடினார். பழக்கதோஷத்தில் நான் அவர் எடுத்த நேரத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அப்புறம் வந்தவர்கள் எல்லாம் அதற்கு ஒரு கண்ணிமைப்புக்குப் பின்னால் வந்தார்கள். ஒருவன் தெரியாத்தனமாக வேகமாக வந்துவிட்டு, நடுவழியில் சுதாரித்து, உட்கார்ந்து காலில் முள் எடுத்தான். போய்ப் பார்த்தேன். முள்ளைக் காணோம். “சின்ன முள்ளு மச்சான், உங்க கண்ணாடிக்குத் தெரியாது” என்றான்.

எம்பும் சோதனை கண்மாய்க் கரையிலிருந்த மோட்டார் அறைச் சுவரில் நடந்தது. கையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு எம்பி, எட்டிய இடத்தில் தட்ட வேண்டும். மச்சான் வலிக்காமல் ஒரு குதி குதித்துத் தட்டினார். அந்தப் பனைமரம் நின்றபடியே அந்த இடத்தைத் தொட்டுவிடுவான். ஆனால் அவன் முழங்கையை மடக்கிக்கொண்டு குதித்து, மச்சானின் சுண்ணாம்புக்குக் கீழே பயபக்தியோடு ஒரு பொட்டு வைத்தான்.

எனக்கு வியர்த்தது. இருக்கிற எண்களை வைத்து ஏதாவது பண்ண முடியுமா என்று செல்போனில் அட்டவணையைத் திறந்து, ஆளாளுக்கு எடையையும் கேட்டுப் போட்டேன். ஒரு பயல் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான், எண்ணை மாற்றிப் போட வழியில்லை. அட்டவணை என் பேச்சைக் கேட்கிற ஜாதி இல்லை. மச்சான்தான் அணியிலேயே கனத்த ஆள். அந்தக் கனத்துக்கு அந்த வேகமா என்று வியந்து, எடைக்கு உரிய மதிப்பெண்ணையும் அள்ளிக் கொட்டி, அவரை எல்லாருக்கும் மேலே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

“ஏலே, அமெரிக்காக் கணக்குலயும் அண்ணன்தான்டா பஸ்ட்டு!”

விசில் பறந்தது. மச்சானைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அங்கேயிருந்து அவர் என்னைப் பார்த்தார். கிணற்றில் விழுந்து கயிறு கேட்டவன், தலையில் கல்லைப் போட்டவனைப் பார்க்கிற பார்வை.

இறக்கிவிட்டதும் என்னைக் கருவேலமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“ஏய்யா, உன்கிட்ட என்ன கேட்டேன், நீ என்ன பண்ணி வச்சிருக்க?”

“நான் என்ன மச்சான் பண்ண? உங்கள முந்த மாட்டேங்கிறாங்ங.”

“இப்ப அமெரிக்காவே சொல்லிருச்சுன்னு ஊரெல்லாம் பேசுவாங்ங. இன்னும் அஞ்சு வருசத்துக்கு என்னய விடமாட்டாங்ங.” முட்டியைத் தடவினார். குரல் இறங்கியது. “பயமா இருக்கு மாப்ளே. நெலத்துக்கு வேற யாரு இருக்கா?”

எனக்குச் சிரிப்பு ஓடிவிட்டது. பெரிய ஆள், ஊரே அண்ணன் என்கிற ஆள், அந்த மரியாதைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறார். கதவைத் திறக்கிறேன் என்று வந்த நான் வெளியே இன்னொரு பூட்டைப் போட்டிருக்கிறேன்.

“உங்கள முந்தணும்னா மச்சான் முறையில ஒருத்தன் வேணும். அவனுக்குத்தான் மரியாத பாக்க வேண்டியதில்ல. இங்க அப்பிடி யாரு இருக்கா?” என்று கேட்டுவிட்டுச் சுற்றிலும் தேடினேன். தேடி முடித்துத் திரும்பினால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல” என்றேன்.

“நீ இருக்க.”

“மச்சான், நான் பஸ்ஸுக்கே ஓடமாட்டேன். அடுத்த பஸ்ஸு வரும்னு நிப்பேன்.”

“நான் நொண்டி. நீ ரெண்டு காலு உள்ளவன். முந்திரு. வீட்ல ஒக்காந்து கம்ப்யூட்டர் தட்டுறவன்ட்டத் தோத்தவன் கேப்டனா இருக்க முடியாதுல்ல?”

அவர் போய் அறிவித்ததும் கண்மாய் அதிர்ந்தது. “மாமா, வேட்டிய மடிச்சுக் கட்டுங்க!” “மச்சான், தொப்ப மொதல்ல வந்துரும், ஆளு பின்னால வருவாரு!” எத்தனையோ பையன்களின் கால்களுக்கு நான் எழுதிய குறிப்புகள் ஞாபகத்துக்கு வந்தன. கோட்டில் குனிந்தேன். எனக்கும் இடுப்பு இறங்கவில்லை.

விசில் ஊதியது பனைமரம். ஓடினேன். பாதித் தூரம் வரைக்கும் நான்தான் முன்னால். நிசமாகவே முன்னால். நெஞ்சு வாய்க்கு வந்தது, ஆனாலும் மச்சானை விடுவித்துவிட்டோம் என்று ஒரு சந்தோசம். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. பொண்டாட்டியின் தம்பி தன்னை முந்திக்கொண்டு பல்லைக் காட்டுவதை எந்த மனுசன் பொறுப்பான்? மச்சானின் முகம் மாறியது. முட்டி, டாக்டர், டிராக்டர் எல்லாம் மறந்துபோய், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். எதையும் மிச்சம் வைக்காமல் ஓடினார். ஒவ்வொரு எட்டுக்கும் இடது கால் உள்பக்கமாக மடங்கியது. தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் என்னைத் தாண்டி, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார். நானும் பக்கத்திலேயே விழுந்தேன்.

விசில் வரும், தோளில் தூக்குவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். சத்தமே இல்லை.

கண்ணைத் திறந்தால் அத்தனை பேரும் மச்சானின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை நாளும் அவர் எதையோ அடக்கிவைத்து ஓடுவதாக நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. முழுசாக ஓடினால் இவ்வளவுதான், அதுவும் என்னை மாதிரி ஒருவனோடு, என்பதை இப்போதுதான் பார்க்கிறார்கள். பனைமரம் வந்து குத்தவைத்து உட்கார்ந்தான். கேலி போன இடம் தெரியவில்லை.

“அண்ணே, இந்தத் தடவ நீங்க வெளிய இருந்து சொல்லுங்க. நாங்க ஆடிக்கிறோம்.”

மற்றவர்கள் மண்ணைப் பார்த்தார்கள். மச்சான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். இதற்காகத்தான் அவ்வளவு தூரம் பஸ்ஸேறி வந்து என் மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். “சரிடா” என்றார். சொல்லிவிட்டு முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

கைத்தாங்கலாகத் தூக்கி என் பைக்கில் பின்னால் உட்கார வைத்தார்கள். கரிசல் தடத்தில் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினேன். ஊர் எல்லை வந்தது. அவர் என் தோளைத் தட்டினார்.

“எம்புட்டு நேரம் எடுத்தேன் மாப்ளே?”

“தெரியல மச்சான். அளக்கிற ஆளும் ஓடிட்டானே. செல்லு என் சட்டப்பையில கெடந்துச்சு.”

“ஒருத்தனும் பாக்கலையா?”

“ஒருத்தனும் பாக்கல.”

என் தோளைப் பிடித்துக்கொண்டு காதுப்பக்கம் குனிந்தார்.

“சரி, ஒண்ணு சொல்லு. நல்லதாச் சொல்லு.”

அந்த வாரம் என் அட்டவணைக்கு வந்திருந்த ஒரு பையனின் நேரத்தைச் சொன்னேன். “நாலரை செகண்டு.”

“அது நல்ல ஓட்டமா?”

“அமெரிக்காவுல அதுக்குத் தூக்கிட்டுப் போயிருவாக.”

பின்னாலிருந்து அவர் யோசிப்பது தெரிந்தது.

“இல்லய்யா, அம்புட்டு வேகம் சாஸ்தி. உங்க அக்கா நம்பமாட்டா. நேரத்தக் கொஞ்சம் கூட்டிச் சொல்லு.”