பிரெஞ்சு விரல்கள்

ஒரு வேலையை நன்றாகச் செய்கிறவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று முதலில் முடிவு கட்டியது யாரோ, அந்த ஆளை நான் ஒருமுறை பார்க்க வேண்டும். எண்பது வயதுக்கு மேலும் இந்த எரிச்சல் தீரவில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம். காரைக்கால் அலுவலகத்தில் பிரெஞ்சில் டைப் அடிக்கும் குமாஸ்தாக்கள் நாங்கள் ஏழு பேர். ஆங்கில டைப்ரைட்டர்கள் வந்து இறங்கின. மூன்று மாதத்தில் பரீட்சை. தேறாதவர் நாற்காலியை விட்டு எழுந்து கோப்புக்கட்டு சுமக்கப் போக வேண்டும் என்று உத்தரவு. எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். மாமனார் பெண் கொடுத்தது குமாஸ்தாவுக்கு.

கற்பிக்கச் சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் அடித்துக் காட்டினார். எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், ஒரு பிழை கிடையாது. நான் அடித்த பக்கத்தில் நாற்பத்தொரு பிழை. பிரெஞ்சு மிஷினில் ஏ இருக்கும் இடத்தில் ஆங்கில மிஷினில் க்யூ இருந்தது. பழகிய விரல் பழைய இடத்துக்கே போயிற்று. அவரிடம் சொன்னோம்.

"பழசை மறந்துடுங்க. என் விரலைப் பாருங்க" என்றார். இரண்டு மாதமும் அவர் நடத்திய பாடம் இவ்வளவுதான். பார்த்தோம். அவர் விரல் பறந்தது, எங்கள் பிழை குறையவில்லை. பிரெஞ்சுக்காரன் இவர்கள் மூளையை மழுங்கடித்துவிட்டான் என்று எங்கள் எதிரிலேயே அதிகாரியிடம் சொன்னார்.

அப்புறம் நிபுணர் தன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். மூன்று வாரத்துக்கு, ஒரு கப்பல் வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் ஆங்கிலக் கடிதம் அடிக்கும் முஸ்லிம் பாய் ஒருவரை அழைத்துவந்தார்கள். ஆமை வேகம் அவருக்கு. வாய் மட்டும் ஓயாது. வந்ததும் மிஷினைத் தொடவில்லை. குப்பைக்கூடையைக் கவிழ்த்து, நாங்கள் கசக்கிப் போட்ட தாள்களை ஒரு காலை முழுக்கப் படித்தார்.

"சின்ன வார்த்தையெல்லாம் சரியா அடிச்சிருக்கீங்களே. 'அட்மினிஸ்ட்ரேஷன்' வந்தா மட்டும் எல்லாரும் குப்புற விழறீங்க. இது பிரெஞ்சுலயும் இருக்கா?"

இருக்கிறது, எழுத்துகூட மாறாது என்றோம். பாய் சிரித்தார்.

"அதானே. தெரிஞ்ச முகத்தைப் பார்த்ததும் விரல் பழைய வீட்டுக்கு ஓடிடுது."

இரண்டு மொழிக்கும் பொதுவான வார்த்தைகளை எங்களையே பொறுக்கச் சொன்னார். அறுபத்திரண்டு தேறின. அவற்றை மட்டும், ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லி அடிக்க வேண்டும். அவசரப்பட்டு வேகமாக அடிக்கிறவர் அபராதமாக அவருக்கு டீ வாங்கித் தர வேண்டும். முதல் வாரம் பாய் நிறைய டீ குடித்தார். மூன்றாம் வாரம் அவருக்கு டீயே கிடைக்கவில்லை.

பரீட்சையில் ஆறு பேர் தேறினோம். அதற்குள் திரும்பி வந்திருந்த நிபுணருக்கு அதிகாரி மாலை போட்டார்.

இது போதாதென்று, அடுத்து வேறு இலாகாவின் ஒன்பது பேருக்குக் கற்பிக்க நிரந்தர ஆசிரியர் வேண்டும் என்றார்கள். தேர்வு எப்படி என்று நினைக்கிறீர்கள்? நிபுணரையும் பாயையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, யார் வேகம் என்று கடிகாரம் பிடித்துப் பார்த்தார்கள். பாய் பாதிப் பக்கம்கூடத் தாண்டவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. அதிகாரி அறைக்குப் போய், எங்களைத் தேறவைத்தவர் பாய்தான் என்றேன்.

"அவருக்கே ஸ்பீடு இல்லையேங்க. அவர் எப்படிச் சொல்லிக்கொடுப்பார்?"

"கொடுத்துட்டாருங்களே. ஆறு பேர் உக்காந்திருக்கோமே."

அது எங்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நிபுணரிடம் படித்த அந்த ஒன்பது பேரில் தேறியவர்கள் இரண்டு பேர். தேறாதவர்களில் ஒருவர் தலத்தெருவில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். என்னைவிட அழகாகப் பிரெஞ்சு எழுதுவார். மறு மாதத்திலிருந்து காலையில் என் மேசையில் கோப்புக்கட்டைக் கொண்டுவந்து வைத்தது அவர்தான். வைத்துவிட்டு, மற்றவர்கள் எதிரில், "வேறெதுவும் வேணுங்களா?" என்று கேட்பார். அதுவரை அவர் என்னை வாடா போடா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.