கராமத் வளர்த்த கறுப்பு மல்பெரி

இஸ்ஃபஹானில் வாய்ப்பந்தல் போடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தண்ணீர் வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற கராமத்தை மிஞ்ச ஆள் கிடையாது. அவருடைய கைக்கடிகாரத்தை நல்லாயிருக்கு என்று யாராவது சொல்லிவிட்டால், "உங்களுடையதுதான், எடுத்துக்கோங்க" என்பார். அந்த ஊரில் எல்லோரும் சொல்வதுதான் அது. கேட்டவர் மறுப்பார், இவர் மறுபடி சொல்வார், அவர் மறுபடி மறுப்பார். மூன்றாம் முறையும் சொன்னால்தான் மெய்யாகவே கொடுக்கிறார் என்று பொருள். கராமத் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்.

அவருடைய நிம்மதியைக் கெடுத்தது பக்கத்து வீட்டு ரொட்டிக்கடை யதுல்லாவின் வெள்ளை மல்பெரி மரம். பழம் பழுத்ததும் அங்கிருந்து ஒரு தட்டு நிறைய வந்துவிடும். பழம் தின்பதில் கராமத்துக்கு வருத்தமில்லை. தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாதே, அங்கேதான் வயிறு எரியும். ஒவ்வொரு வருஷமும் தொட்டியில் தானாக முளைத்த புதினாவில் ஒரு பிடி கிள்ளி வைத்து மனைவியிடம் கொடுப்பார்.

"அவங்க பழம் குடுக்கறாங்க, நாம புல்லைத் திருப்பறோம்," என்பாள் தூரான். "அந்தத் தட்டை நீட்டறப்ப நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம்போல இருக்கு. நம்ம முற்றத்துலயும் ஒரு மரம் இருந்தா, ஒரே ஒரு தடவை தட்டு நிறைய நான் குடுப்பேன்."

சொந்த மரம் இருந்தால் யதுல்லாவின் தட்டு வராது என்று கராமத்துக்கும் உறைத்தது. இருவருமாக நாற்றுப்பண்ணைக்குப் போனார்கள்.

"வெள்ளை ஜாதின்னா சீக்கிரம் வளரும்," என்றார் பண்ணைக்காரர். "கீழ துணி விரிச்சுக் கிளையை உலுக்கினா போதும், தெருவே வந்து கூடிரும்."

கராமத்துக்கு முகம் வெளுத்தது. "வேற?"

"கறுப்பு. மெதுவாத்தான் வளரும். ஒவ்வொண்ணாக் கையால பறிக்கணும். சாறு பட்டா சட்டை போச்சு. நல்ல துணி உடுத்தினவங்க கிட்டவே வரமாட்டாங்க."

"அதையே குடுங்க," என்றார் கராமத், மாப்பிள்ளை பார்த்து முடித்தவர்போல. தூரானுக்கும் கறுப்புதான் ஆசை. புளிப்பும் இனிப்புமான அந்தப் பழத்தைத் தட்டில் குவித்தால் அழகாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வசந்தத்தில் பிறக்கும் அந்த ஊர்ப் புது வருஷத்துக்கு முன்னால், மொட்டு விடுமுன் நட்டார்கள். சுவரை விட்டு, நீர்த்தொட்டியை விட்டுத் தள்ளி, முற்றத்தின் நட்டநடுவே. வெயில் வேண்டும் என்று ஊருக்குச் சொன்னார். ஒரு கிளைகூடத் தெருவை எட்டக்கூடாது என்பது உள்ளே இருந்த காரணம். ஆனால் வளர்ப்பில் குறை வைக்கவில்லை. கோடையில் வேர் ஆழம் இறங்க நிறையத் தண்ணீர் விட்டார். மற்ற காலத்தில் வெட்டினால் பால் வடிந்து மரம் நலியும் என்று குளிர்காலத்தில் மட்டுமே கத்தியை எடுத்தார். சுவர்ப் பக்கம் தலை நீட்டிய கிளைகளைத்தான் வெட்டினார். பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

சில வருஷங்களில் மரம் காய்த்தது. உடனே பறவைக்கென்று வலை போட்டார். பழம் முழுவதும் சர்பத் ஆகி அலமாரிக்குள் போனது. சாவி அவர் பையில் இருந்தது. யதுல்லா வீட்டுத் தட்டும் வந்தது. புதினாவோடு திரும்பிப் போனது. தூரான் அன்று சாப்பிடவில்லை.

மறு வருஷம், மரம் கறுகறுவென்று பழுத்துத் தொங்கும்போது யதுல்லாவே தட்டோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன மரம், ஆகா! கண்ணு பட்டுறப் போகுது." ஆண்களை ஆகா என்பதும் பெண்களைக் கானும் என்பதும் அந்த ஊர் மரியாதை.

"உங்களுடையதுதான், எடுத்துக்கோங்க."

"ஐயோ, உங்களுக்கே இருக்கட்டும்."

"எங்க உயிரே உங்களுக்குத்தான், மரம் என்ன பெரிசு."

"வேணாம், உங்க அன்பே போதும்."

கராமத் நிறுத்திக்கொண்டார். யதுல்லாவும் புரிந்துகொண்டு தேநீர் பக்கம் திரும்பினார்.

தேநீர்த் தட்டைக் கீழே வைத்த தூரான் நேரே மரத்தடிக்குப் போய், விருந்துக்கு வந்தவள்போல அண்ணாந்து பார்த்தாள். "எவ்வளவு அழகான மரம், ஆகா."

"உன்னுடையதுதான், எடுத்துக்கோ," என்றது கராமத்தின் வாய். பழகிய வாய் அது.

"ஐயோ, எனக்கெதுக்கு. உங்க கையால வளர்த்த மரம்."

"எல்லாம் உனக்குத்தானே."

"வேணாம் ஆகா, கூச்சமா இருக்கு."

கராமத் தேநீரை எடுத்தார். யதுல்லாவின் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யதுல்லா தொண்டையைச் செருமினார். "கானும் கூச்சப்படறாங்க, ஆகா. இன்னொரு தடவை சொல்லிருங்க. கட்டினவங்கதானே."

கராமத் தேநீரைக் கீழே வைத்தார். "எடுத்துக்கோ," என்றார், தொண்டைக்குள்.

"அப்படின்னா சரி," என்றாள் தூரான். "எடுத்துக்கிட்டேன்."

வலையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். முழங்கைவரை சிவக்கச் சிவக்கப் பறித்து, யதுல்லா வீட்டுத் தட்டில் குவித்தாள். கண் கலங்கியது, துடைக்கக்கூட நிற்கவில்லை. நிரம்பிய தட்டைத் தூக்கிக்கொண்டு வரும் வழியில் கராமத் முன்னால் நின்றாள்.

"நீங்களும் ரெண்டு எடுத்துக்கோங்க, ஆகா."

கராமத்துக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "எனக்கெதுக்கு, நீங்கல்லாம் சாப்பிடுங்க," என்றார்.

"சரி," என்று தூரான் நகர்ந்து, தட்டை யதுல்லாவின் மனைவி மடியில் வைத்தாள்.