மஞ்சள் புத்தகமும் என் வயிற்றெரிச்சலும்

எழுபதுகளின் நடுவில், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் நானும் இன்னொரு பெண்ணும் சூப்பர்வைசர்கள். அவள் எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்தவள்.

ஜெர்மனியில் மூன்று மாதப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பப் போகிறார்கள் என்றதும், அது நான்தான் என்று வீட்டில் சொல்லியே விட்டேன். மேனேஜர் அவளைத் தேர்ந்தெடுத்தார். தோல் தைப்பதில் அவள் கை என்னுடையதைவிடச் சுத்தம். அப்போது அதை ஒப்புக்கொள்வேனா? அவள் வாங்கிய ஸ்வெட்டரைப் பார்த்தால் எரிச்சல், புதுப் பெட்டியைப் பார்த்தால் எரிச்சல். போதாததற்கு, எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. 'தனியாகத்தான் வந்திருக்கிறேன்' என்பதை அவளுக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தபோது என் வாயெல்லாம் கசந்தது.

ஒரு திங்கட்கிழமை அவள் லீவு. மேனேஜர் என்னிடம், "காலரா ஊசி போட்டு ஆறு நாள் ஆனாத்தான் செல்லும். புதன்கிழமைக்குள்ள வேலூர் போய் போட்டுக்கினு, மஞ்சள் புத்தகத்துல சீல் வாங்கிடச் சொல்லும்மா" என்றார். அந்தக் காலத்தில் ஊசி போட்டதைப் பதிகிற அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

தலையாட்டினேன். மறுநாள் அவள் வந்தாள், சொல்லவில்லை. கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

புதன்கிழமை மதியம் சாப்பிடும்போது கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன். "இன்னாத்துக்குடி அவ்ளோ தூரம் தனியா போற? ஊர் சுத்திப் பாக்கவா?"

அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அங்க யாருக்கும் என்னைத் தெரியாதுக்கா. 'உன் வீட்டுக்காரன் இன்னும் வரலியா'ன்னு பஸ்ஸுல எவளும் கேக்க மாட்டா. மூணு மாசம் அது போதும்."

கட்டியவன் அவளை விட்டுப் போய் நாலு வருடம். அந்தக் கேள்வியை, முந்தின வாரம்தான், பத்துப் பேர் நடுவில் நான் கேட்டிருந்தேன்.

"டப்பாவை மூடு, வேலூர் போணும்" என்று எழுந்தேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிடைத்த பஸ்ஸில் ஏறினோம். பள்ளிகொண்டா வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாங்கள் ஓடிப்போய் நின்றபோது சுகாதார ஆபீசில் ரிஜிஸ்டரை மூடிக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கு வாங்க" என்றார் அந்த ஆள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "என் மேலதான் சார் தப்பு, அவ மேல இல்ல." முணுமுணுத்துக்கொண்டே ஊசி போட்டு, சீல் குத்திக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் கையைத் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள். "உன் இடத்துல நான் இருந்திருந்தா, இன்னிக்கிக்கூட சொல்லிருப்பேனான்னு தெரியலக்கா." மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் போய் வந்தாள். நான் கடைசிவரை எங்கும் போகவில்லை. யாராவது பெட்டி கட்டினால் இன்றும் என் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் கூடவே, இவர் யாருடைய வாய்க்குத் தப்பிப் போகிறாரோ என்றும், அவள் அப்படித் தப்பிக்க நினைத்த வாய்களில் என்னுடையதும் ஒன்று என்றும் தோன்றிவிடுகிறது.