டெயில்கேட்டை மூடினால் காடிக்கு மூச்சு முட்டுமாம்

பிக்கப் காடி ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் காற்றைப் பற்றி ஒரு கருத்து உண்டு. காடி என்றால் எங்கள் ஊரில் வண்டி. அதை முழுசாகக் கேட்டு முடித்த பிறகுதான் எங்கள் தொழிலில் ஒரு திருகாணியையாவது முடுக்க முடியும்.

ஜோகூர் மாநிலத்துச் செனாயில், தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலையில், பிக்கப்புக்கு வேண்டிய மேல்சாமான்கள் மாட்டும் கடை எங்களுடையது. எங்களுடையது என்பது கொஞ்சம் அவசரம். கடை என் மனைவியின் தம்பி சேவியருடையது. நான் இங்கிலாந்தில் இருபது வருஷம் ஏர்கோன் காற்றுக் குழாய் போட்டுவிட்டு, குளிர் முட்டிக்குள் குடியேறிய பிறகு ஊர் திரும்பியவன். "ஒரு வருஷம் கவுண்டர்ல நில்லுங்க மச்சான். சரியா வந்தா போர்டுல உங்க பேரையும் ஏத்திருவோம்" என்றான் சேவியர். ஐம்பதை நெருங்குகிறவனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? கடைப் பலகையில் 'லாசர்' என்ற மூன்று எழுத்து ஏறுமா, ஏறாதா என்பதுதான் என் வருங்காலம்.

தெரிந்த உண்மையை வாடிக்கையாளரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட சக பாவிகளே, மேலே படியுங்கள்.

கெட்டுப்போன கேமரா

நான் சேர்ந்த புதிது. பாலோ ஊரிலிருந்து காய்கறி ஏற்றிவரும் முருகேசு வந்து நின்றார். "அண்ணே, ரிவர்ஸ் கேமரா ரோசாக். புதுசு மாத்திக் குடுங்க." ரோசாக் என்றால் எங்கள் ஊரில் கெட்டுப்போனது. பின்னால் போய்ப் பார்த்தேன். டெயில்கேட், அதாவது பிக்கப்பின் பின்கதவு, நாக்கைத் தொங்கப் போட்ட மாதிரி திறந்து கிடந்தது. கேமரா அந்தக் கதவின் கைப்பிடியில் இருக்கிறது. கதவைத் திறந்து போட்டால் அது ரோட்டுத் தாரைத்தான் பார்க்கும். தூக்கி மூடினேன். திரையில் ரோடு, எதிர்க்கடை, எதிர்க்கடை நாய் எல்லாம் வந்துவிட்டன.

ஏன் திறந்துபோட்டு ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். மூடினால் காற்று கதவில் மோதி வண்டியைப் பின்னால் இழுக்குமாம், டீசல் எண்ணெய் கூடுதலாகக் குடிக்குமாம். நான் பத்து நிமிஷம் விளக்கினேன். கதவு மூடியிருந்தால் பின்பெட்டிக்குள் கொஞ்சம் காற்று மாட்டிக்கொண்டு சுழலும். அது மெத்தை மாதிரி. கூரைக்கு மேலே வருகிற காற்று அந்த மெத்தை மேல் வழுக்கிக்கொண்டு கதவைத் தாண்டிப் போய்விடும். திறந்தால் மெத்தை கலைந்துபோகும், இழுவை கூடும். கையால் காட்டினேன், காகிதத்தில் படம் போட்டேன். முருகேசு ஒவ்வொரு அம்புக்குறிக்கும் தலையாட்டினார். பிறகு கதவைத் திறந்து தொங்கவிட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிதான் அண்ணே, ஆனா மூடிகிட்டு ஓட்டுனா காடிக்கு மூச்சு முட்டுதே!"

நாற்பது வலை

டெயில்கேட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதற்குப் பதிலாக மாட்டுகிற நைலான் வலை ஒன்று உண்டு. காற்று ஊடுருவிப் போகும், எண்ணெய் மிச்சமாகும் என்று சொல்லி விற்பார்கள். நான் வருவதற்கு முன்பே சேவியர் நாற்பது வலைகளை இறக்கி, ஸ்டோரில் கூரை வரை அடுக்கி வைத்திருந்தான். அவற்றைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போக வேண்டும். நாற்பது பேர் வரிசையில் நின்று நம்மை முறைப்பது மாதிரி இருக்கும்.

ஒரு நாள் செம்பனைத் தோட்டத்து மேனேஜர் ஒருவர் மூன்று வலை கேட்டு வந்தார். "எதுக்கு சார்?" என்றேன். "எண்ணெ மிச்சம் பண்ண." எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மிச்சமாகாது, அவனவன் கதவை மூடி ஓட்டினாலே போதும் என்று சொல்லிவிட்டேன். அவர் மனம் நிறைந்து கைகுலுக்கி, ஒன்றும் வாங்காமல் போனார். சேவியர் என்னை ஸ்டோருக்குக் கூப்பிட்டு, வலைகளுக்கு முன்னால் நிறுத்தி வைத்துச் சொன்னான்: "மச்சான், வர்ற ஆளு ஆசையோட வர்றான், நீங்க அறிவோட அனுப்பி வைக்கிறீங்க. இப்படியே போனா போர்டுல உங்க பேரு இல்ல, என் பேரே இருக்காது லா!"

பூச்சட்டிக்குக் கனம் இல்லை

இந்தச் சண்டையைத் தற்செயலாகக் கேட்டவர் தேவதாஸ் அங்கிள். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், அரசாங்கத்தில் நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிக்கப்புக்கு ரப்பர் பாய் போட வந்தவர், சட்டைப் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "தம்பிமார், நீங்கள் ரெண்டு பேரும் சொல்லுறது கதை. ஓடிப் பார்த்தால்தான் கணக்கு."

அவருடைய வண்டியே சோதனை வண்டி. டாங்க் கழுத்து வரை எண்ணெய், செனாயிலிருந்து ஆயர் ஈத்தாம் போய்த் திரும்புவது, ஒரே வேகம், திரும்பி வந்து அதே பம்பில் மறுபடி கழுத்து வரை. எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு குடித்திருக்கிறது. முதல் ஓட்டம் கதவு மூடி, அடுத்தது வலை மாட்டி. மூடியது ஜெயித்தால் என் பெயர் பலகையில் ஏறும். வலை ஜெயித்தால் பெயரை மறந்துவிட்டு, நாற்பது வலையும் போகும் வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. சேவியர் கை கொடுத்தான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, ஆயர் ஈத்தாமில் சாலையோரத்து மண்பாண்டக் கடை கண்ணில் படும் வரை. எங்கள் ஜோகூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி. ஆயர் ஈத்தாம் போய்விட்டுச் சட்டி வாங்காமல் திரும்பினால் வீட்டில் கதவு திறக்காது. அங்கிள் டிராகன் போட்ட பெரிய பூச்சட்டி நாலு ஏற்றிவிட்டார். ஒவ்வொன்றையும் தூக்க ரெண்டு ஆள். "அங்கிள், போகும்போது காலி வண்டி, வரும்போது பாரம். டெஸ்ட் போச்சே!" என்று கத்தினேன். அவர் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டே சொன்னார்: "பூச்சட்டியில என்ன தம்பி கனம்? மண்ணை வீட்டிலதானே போடப் போறன்!"

காற்று ஒரு பக்கம், சட்டி ஒரு பக்கம்

அடுத்த வாரம் திரும்பவும் முதலிலிருந்து. சட்டிகள் வண்டியிலேயே இருந்தன. எங்கே வைப்பது என்று ஆன்ட்டி இன்னும் முடிவு பண்ணவில்லையாம். "நல்லதுதான், ரெண்டு ஓட்டத்துக்கும் ஒரே பாரம்" என்று அங்கிள் அதையும் விஞ்ஞானமாக்கிவிட்டார். சட்டிகளைக் கயிற்றால் கட்டி, சேவியரையும் ஏற்றிக்கொண்டு கதவை மூடி ஓடினோம். எண்ணெய் ஊற்றினோம். குறித்துக்கொண்டோம். பிறகு கதவைக் கழற்றி, வலையை மாட்டி, மறுபடி கிளம்பினோம்.

வரும் வழியில் ஒரு மேட்டில் வண்டி ஏற, பின்னால் 'கொடகொட'வென்று சத்தம். கயிறு தளர்ந்து ஒரு சட்டி கழன்று உருண்டது. எங்களுக்குப் பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள், பின்னால் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு. ஓரம் கட்டி ஓடிப்போய்ப் பார்த்தால், டிராகன் சட்டி வலைக்குள் கோல் விழுந்த பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. மோட்டார்சைக்கிள் ஒன்றும் தெரியாமல் எங்களைக் கடந்து போனது. காற்றையே இருபது வருஷம் பார்த்துப் பழகியவனுக்கு, வண்டியில் சாமானும் ஏற்றுவார்கள் என்பது மறந்துபோயிருந்தது.

செனாய் பம்பில் அங்கிள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். கதவு மூடிய ஓட்டத்தைவிட வலை ஓட்டம் ஒரு மினரல் வாட்டர் போத்தல் அளவு கூடக் குடித்திருந்தது. ஒரே ஒரு ஓட்டம்தான், எதிர்க்காற்றும் இருந்திருக்கலாம் என்று என் மனசாட்சி முனகியது. நான் அதை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு இறங்கினேன். சேவியர் வலையையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சரி மச்சான், ஜெயிச்சிட்டீங்க, பேரு ஏறும். இப்ப மிச்சம் முப்பத்தொம்பது வலைய என்ன செய்றதுன்னு, போர்டுல பேரு உள்ள முதலாளியா சொல்லுங்க!"

முருகேசு திரும்பி வந்தார்

பலகை எழுதுகிறவர் ஏணி வைத்து 'லா' முடித்து 'ச' போட்டுக்கொண்டிருந்த காலையில், முருகேசுவின் பிக்கப் வந்து நின்றது. டெயில்கேட் மூடியிருந்தது! எனக்குப் புல்லரித்தது. ஓர் ஆள், ஒரே ஓர் ஆளாவது நம்பிவிட்டார். ஓடிப்போய்க் கதவைத் தட்டிக் கொடுத்தேன். "மூடிட்டீங்களே அண்ணே!" அவர் முகம் சுண்டியது. "பூட்டு சிக்கிகிச்சு. ஒரு மாசமா திறக்க மாட்டேங்குது. என் காடி செத்துரும், சீக்கிரம் திறந்து விடுங்க." ஒரு மாசமாக எண்ணெய் எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் குறைவுதான், ஆனால் அது மழையினால் என்றார்.

ஏணியின் மேல் 'ர்' பாக்கி. சேவியர் வாசலில் நின்று என்னையே பார்த்தான். நான் காகிதத்தை எடுக்கவில்லை, அம்புக்குறி போடவில்லை. ஸ்டோரிலிருந்து ஒரு வலையைக் கொண்டுவந்து, "இது எண்ணெ மிச்சம் பண்ணாது. ஆனா நீங்க ஏத்துற காய், கோபிஸ் எதுவும் ரோட்டுல விழாது" என்று மட்டும் சொன்னேன். அது சத்தியம். அவர் முதல் வாக்கியத்தைக் காதிலேயே வாங்கவில்லை. உடனே மாட்டச் சொன்னார். பூட்டை நெம்பித் திறந்து, கதவைக் கழற்றி அவர் வண்டிக்குள்ளேயே படுக்க வைத்தோம்.

போன வாரம் அவர் ஒரு கட்டு கீரையோடு வந்தார். கதவோடு கேமராவும் வீட்டில் கிடக்கிறதே, ரிவர்ஸ் எடுக்கக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். சேவியர் கவுண்டருக்கு அடியில் என் காலை மிதித்துக்கொண்டிருந்தான். முருகேசு, புதிதாய்ப் பெயர் ஏறிய பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேமரா எதுக்கு அண்ணே? வலை வழியா பின்னால எல்லாமே தெரியுது, காடியும் நல்லா மூச்சு விடுது, நீங்க சொன்ன மாதிரியே எண்ணெயும் மிச்சம்!"

இருபது வருஷம் சந்து பொந்தெல்லாம் காற்றை நுழைய வைத்த எனக்கு, அதைப் பற்றிய ஒரு வாக்கியத்தை ஒரே ஒரு பிக்கப்காரரின் காதுக்குள் நுழைக்க முடியாமல் போனதற்குத்தான் பலகையில் மூன்று எழுத்து கிடைத்திருக்கிறது.