மறு ஏலம் போன கதைப் புத்தகங்கள்

அந்த வருஷத்து அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எங்கள் வீட்டு ஆட்களாகப் பந்தலுக்குள் இருந்தது நானும் அக்காவும்தான். அக்கா பெண்கள் பக்கம் பாயில், நான் ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில். அம்மா இல்லை, அவள் போய் வெகுகாலமாகிறது. நைனா சித்தூரில்தான், அதே கோயில் வளாகத்தில்தான் இருந்தார். ஆனால் பந்தலில் இல்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மிஷன் ஆஸ்பத்திரிச் சமையல்காரர் அவர். சபை விருந்துக்கு ஒவ்வொரு வருஷமும் கோயிலுக்குப் பின்னால் அவர்தான் அடுப்பு மூட்டுவார். ஏலம் போடுகிற கூச்சல் அவருக்குக் கேட்டிருக்கும். யார் கேட்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள் என்பது கேட்டிருக்காது.

இந்த ஏலத்தைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சபையார் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். பூசணி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை, சேவல், வாழைத்தார். நிலம் இல்லாதவர்கள் முட்டையோ சோப்புக் கட்டியோ வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். இதில் விலை நியாயம் யாரும் பார்ப்பதில்லை, காணிக்கைதானே. வசதியுள்ளவர்கள் ஒரு பொருளை எடுத்த கையோடு "ஆண்டவருக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கேட்ட பணத்தைக் கட்டிவிட வேண்டும். பொருள் மறுபடி ஏலத்துக்கு வரும். அதுதான் மறு ஏலம். ஒரே எலுமிச்சம்பழம் நாலைந்து பேர் கைக்குப் போய்த் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் கோயில் கூரை ஒழுகியது. போதகர் தம் வீட்டு அலமாரியில் இருந்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களையும் பீடத்தில் வைத்துவிட்டார். எப்போதோ இங்கே இருந்த வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் விட்டுப்போன புத்தகங்கள் அவை. எல்லாம் ஒரே வரிசை, எழுதியது ஒரே அம்மாள். பின்னட்டையில் தட்டெழுத்து இயந்திரத்தின் முன் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். அவர் எழுதிய மற்ற புத்தகங்களின் பெயர்கள் பொடி எழுத்தில் இரண்டு பக்கத்துக்கு ஓடும்.

அவை எனக்கு வேண்டியிருந்தன. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருப்பதியில் பி.ஏ. படித்தேன். எல்லாம் தேறி, ஆங்கிலம் மட்டும் இரண்டு முறை போய்விட்டது. அது இல்லாமல் பட்டம் இல்லை, பட்டம் இல்லாமல் வாத்தியார் வேலை இல்லை. அடுத்த வருஷம் நைனாவுக்கு ரிடையர்மென்ட். அதற்குள் எனக்கு வேலை கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் அதைப் பேசுவதும் இல்லை.

பகலெல்லாம் எண்ணெய் மில்லில் மூட்டை எண்ணிவிட்டு வந்து பாடப்புத்தகத்தைத் திறந்தால் ஒரு வாக்கியத்தின் முடிவுக்குப் போவதற்குள் அதன் ஆரம்பம் மறந்துவிடும். இந்த அம்மாளின் வாக்கியங்கள் அப்படியில்லை. என் மூச்சுக்கு ஏற்ற நீளம். போதகரின் மனைவி ஒவ்வொன்றாக இரவல் கொடுத்தார். ஐந்து புத்தகம் முடித்திருந்தேன்.

கடலோரத்து ஊர் ஒன்றுக்கு விடுமுறைக்கு வரும் அண்ணன் தங்கைகள், அவர்களோடு ஒரு கழுதை. புத்தகத்துக்கு ஒரு கள்ளக்கடத்தல்காரன் அகப்படுவான். நடுநடுவே சாப்பிடுவார்கள், சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சாயங்காலம் நான் கதை சொல்வேன். நைனாவுக்குக் கடத்தல்காரனைப் பற்றிக் கவலையில்லை.

"இன்னைக்கு என்னா துன்னாங்க?" என்பார்.

குளிர்ந்த ஆட்டுக்கறி, ரொட்டி, பழப்பாகு வைத்த பணியாரம் என்று எனக்குப் புரிந்த வரையில் சொல்வேன். ஆறிப்போன கறியை மனுஷன் தின்பானா என்று அவர் வருத்தப்படுவார். அக்கா ஆஸ்பத்திரி வார்டில் பெட்பேன் கழுவுகிற வேலையில் இருந்தாள். அவள் கேட்பது வேறு.

"எப்பப் பாரு லீவா இவங்களுக்கு? இவங்க சுத்திகினு வர வரைக்கும் சமைச்சிகினு கெடக்கறது யாருடா?"

அந்த அம்மாள் அதை எங்கேயும் எழுதவில்லை.

ஏலம் போட்டவர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். புத்தகக் கட்டைத் தூக்கிக் காட்டி, "கதைப் புஸ்தகம், துன்ன முடியாது, ஆனா கெட்டும் போவாது" என்றார். சிரித்தார்கள். நான் கேட்டேன். உடனே என் மில் முதலாளி கேட்டார். அவர் மகள் கான்வென்டில் படிக்கிறாள். சம்பளம் கொடுக்கிறவருக்கு மேலே கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிறகு ஆஸ்பத்திரி ஹெட்கிளார்க் முதலாளிக்கு மேலே கேட்டு எடுத்துவிட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எதற்கு எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கம்பவுண்டர், "ஐயா, வழக்கம்போலத்தானே?" என்று கேட்டார்.

"ஆண்டவருக்கே," என்றார் ஹெட்கிளார்க்.

கை தட்டினார்கள். புத்தகங்கள் மறு ஏலத்துக்கு வந்தன. இன்னொரு வாய்ப்பு என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் முதலாளி மறுபடி ஆரம்பித்தார், நான் மறுபடி வாயை மூடிக்கொண்டேன். அப்போது பெண்கள் பக்கத்தில் அக்கா எழுந்து நின்றாள். பெண்கள் யாரிடமாவது சொல்லி அனுப்பித்தான் கேட்பார்கள். அவள் தானே கேட்டாள். முதலாளி ஏற்றினார், அவளும் ஏற்றினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் முதலாளி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தார்.

அக்கா கட்டைத் தூக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். நைனா சோறு வடித்துக்கொண்டிருந்தார். கட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கிளார்க் ஐயா குடுத்துட்டாரா?"

"அவரு எதுக்குக் குடுக்கறாரு? நாந்தான் எடுத்தேன்."

நைனா கரண்டியைக் கீழே வைத்தார். காலையிலேயே பணத்துக்கு வரம்பு சொல்லி, எனக்காக அந்தப் புத்தகங்களை எடுத்துத் தரும்படி ஹெட்கிளார்க்கிடம் அவர் கேட்டு வைத்திருந்தார். அடுப்பை விட்டு வர முடியாது; வந்தாலும் பெரிய மனிதர்களுக்கு எதிரே நின்று கேட்க அவரால் ஆகாது. ஹெட்கிளார்க்கும் வரம்புக்குள்ளேயே எடுத்துவிட்டார். வருஷா வருஷம் திருப்பிக் கொடுத்த வாய், அன்றைக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல, நைனா," என்றாள் அக்கா.

"நீ சொன்னியா?"

அக்கா புத்தகக் கட்டை ஓரமாக வைத்தாள். பந்தி போட வேண்டிய நேரம் ஆகிவிட்டது. நாங்கள் மூன்று பேருமாகச் சோற்றுக் கூடையைத் தூக்கினோம்.

ஹெட்கிளார்க் மறுநாள் வீட்டுக்கே வந்தார். அன்றைக்குப் பந்தலில் திரும்ப உட்கார்ந்ததுமே தவறு தனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் ஆண்டவருக்கு என்று சொன்னதைச் சபை நடுவில் எப்படித் திரும்பக் கேட்பது என்றார். தானே அந்தப் பணத்தைக் கட்டிவிடுவதாகச் சொன்னார். நைனா ஒப்பவில்லை. போதகரும் இரண்டு ஏலத்தில் ஒன்றின் தொகை போதும் என்றார். நைனா அவரிடம் ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார்.

"காணிக்கையில தள்ளுபடி கேட்டுட்டு, அடுத்த வருசம் நான் எந்த மூஞ்சிய வச்சிகினு இங்க அடுப்பு மூட்டறது, ஐயா?"

அடுத்த ஞாயிறு நைனாவும் அக்காவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் பீடத்தில் பணம் வைத்தார்கள். நைனா வைத்தது என் பரீட்சைக் கட்டணத்துக்கும் திருப்பதியில் தங்குவதற்கும் சேர்த்தது. அதனால் மார்ச் பரீட்சை எனக்கு இல்லை. அக்கா வைத்தது தையல் மெஷின் வாங்கச் சேர்த்தது. அவள் பழையபடி வார்டுக்குப் போனாள்.

நான் அந்தப் புத்தகங்களைப் படித்தேன். படித்தேன் என்பதைவிட, கடன்காரனைப் போல உழைத்தேன் என்று சொல்லலாம். பத்தாவது புத்தகத்துக்கு மேல் அந்த அம்மாளுக்கும் அலுத்துவிட்டது என்று எனக்குப் பட்டது. அதே சுரங்கப்பாதை, அதே மூடுபனி, அதே பணியாரம். கழுதைகூட முன்போல முரண்டு பிடிக்கவில்லை. விரல் வலிக்க வலிக்க அடுத்த விடுமுறையை அவர் தட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன். எனக்கென்னவோ அந்தக் களைத்த புத்தகங்கள்தான் உதவின. ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்ததில் அது என்னுடையதாகிவிட்டது. அக்கா மட்டும் கதை கேட்பதை நிறுத்திவிட்டாள். வேலை விட்டு வந்தால் படுத்துவிடுவாள்.

செப்டம்பரில் திருப்பதிக்குப் போய் எழுதினேன். மொட்டைத் தலைகள் நிறைந்த பஸ்ஸில் நின்றபடியே திரும்பினேன். மயிரிழையில் தேறினேன். அதற்குள் நைனா ரிடையராகி, குவார்ட்டர்ஸ் போய், வேறொருவர் வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் சில மாதங்கள் இருந்தோம். பாலசமுத்திரத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் ஓட்டு வீடு ஒன்றுக்கு வர முடிந்தது.

இப்போது வருஷங்கள் ஓடிவிட்டன. போன வாரம் சம்பளம் வாங்கி வந்து, தையல் மெஷின் என்ன விலை என்று அக்காவிடம் கேட்டேன். இனிமேல் கண் தெரியாது, வேண்டாம் என்றாள். பிறகு, அன்றைக்கு மொத்தம் எவ்வளவுதான் போனது என்று அவளாகவே கேட்டாள். இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவரும் கூட்டிப் பார்த்ததில்லை. நைனாவுடையது எண்பத்தைந்து, அவளுடையது நூற்று நாற்பது. இருநூற்று இருபத்தைந்து ரூபாய்.