நம்பிச் சொன்ன கருவாட்டுக் குழம்பு

கால் வீக்கத்துக்காக நான் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டில் உப்பு கூடாது. வீக்கம் வடிந்தால் வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் தேருக்கு முன்பே வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

இன்று காலை வீக்கம் கூடியிருந்தது. நர்ஸ் சுமதி எங்கள் தெருப் பெண். என் காலை அழுத்திப் பார்த்தாள்.

"நெசத்த சொல்லுங்க பெரியப்பா. நேத்து என்னா சாப்ட்டீங்க?"

அந்தக் குரலில் ஏமாந்துவிட்டேன். மச்சான் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பைப் பற்றிச் சொன்னேன். "உன்னோட இருக்கட்டும்மா" என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

டாக்டர் வந்தார். மாத்திரை கேட்கவில்லை போலிருக்கிறது, ஊசியைக் கூட்டலாம் என்றார்.

"வேணாம் சார். இவரு கருவாட்டுக் கொழம்பு சாப்ட்டிருக்காரு" என்றாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

வீட்டுக்கு அனுப்பும் பேச்சு அங்கேயே நின்றது. தேரும் போயிற்று. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

"எங்கிட்ட பேசாட்டி போங்க பெரியப்பா. ஒங்க மச்சான் இன்னிக்கு வரட்டும், கேட்லயே புடிச்சிக்கிறேன்."

நர்ஸ் வேலைக்குப் பொறுமை வேண்டும், கருணை வேண்டும் என்கிறார்கள். அவளிடம் இரண்டும் நிறைய இருக்கின்றன. நம்பிச் சொன்னதை மனதுக்குள் வைத்துக்கொள்ளும் குணம் மட்டும் இல்லை. அதுவும் வேண்டும் என்பது என் கட்சி.

அவள் செய்ததுதான் சரி என்று வாதாட வருபவர்கள், ஒரு வாரம் உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதட்டும்.